நாலாவது பிளேட்

முதல் நாள்

எக்ஸ்ரே அறையில் வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் இப்போது என்னைப் பார்க்க வருகிறார்கள். அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறார்கள். சமாளிக்காத கதை ஒன்றைத்தான் எழுதப் போகிறேன்.

பதுளைக் கடைவீதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஒன்பது வருஷம் டார்க்ரூம் வேலை பார்த்தவன் நான். கல்யாணப் படம், துரைமார் குதிரையோடு நிற்கிற படம், எல்லாவற்றையும் கழுவி அச்சுப் போடுவேன். முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் நெகட்டிவில் பென்சிலால் தொட்டு மறைத்துக் கொடுப்பேன். ரயில் அப்போது பதுளைக்கு வரவில்லை. கண்ணாடி பிளேட்டுகள் பண்டாரவளையில் இறங்கி, வைக்கோல் பெட்டியில் மாட்டு வண்டியில் வந்து சேரும். பத்தில் இரண்டு உடைந்திருக்கும்.

ஒரு காலையில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் கடைக்குள் வந்து மேசையில் ஒரு பிளேட்டை வைத்தார். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு நிழல் தெரிந்தது.

"இது என்னெண்டு சொல்லும் பாப்பம்."

"மேகமா சேர்?"

"முழங்கை காணும், முழங்கை! கழுவத் தெரியாதவன் கழுவினா இப்பிடித்தான். நாளைக்கு என்னட்டை வாரும்."

அவருடையது சில தேயிலைத் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. பெயரை எழுதவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஓர் எண்ணெய் இயந்திரம், அதனால் சார்ஜ் ஏறும் பேட்டரிகள், காயில் என்கிற பெரிய கம்பிச்சுருள், பூசணிக்காய் அளவு கண்ணாடி டியூப் ஒன்று. எக்ஸ்ரே என்றால் அவ்வளவுதான்.

முதல் நாள் டொக்டர் தன் இடது கையைக் காட்டினார். நகங்கள் கறுத்து உடைந்திருந்தன. சுட்டுவிரலில் ஒரு புண், காய்ந்தும் காயாமலும்.

"ஒவ்வொரு நாளும் காலமை டியூப் எப்பிடி வேலை செய்யுதெண்டு பாக்க என்ரை கையைத்தான் பிடிச்சுப் பாக்கிறனான். இந்தக் கதிர் சுடும். சுடேக்கை தெரியாது. பத்து நாள், பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரியும். அதாலை எவ்வளவு குறைஞ்ச நேரம் குடுக்கலாமோ அவ்வளவுதான் குடுக்க வேணும். விளங்குதா?"

விளங்கியது. ஆனால் குறைந்த நேரம் கொடுத்தால் படம் வெளிறிப் போகும். அதற்காகத்தான் ஸ்கிரீன் வைத்திருந்தோம். ஸ்கிரீன் என்பது ஒரு வகை உப்பு பூசிய அட்டை. கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும். பிளேட்டோடு முகம் சேர்த்து அதை ஒரு மரச்சட்டத்தில் வைத்தால், கதிர் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கை அந்த ஒளியே செய்துவிடும். ஒரு நிமிஷம் கொடுக்க வேண்டிய இடத்தில் பத்து செகண்டுக்கும் குறைவாகக் கொடுத்தால் போதும். நல்ல சாமான். அதை மூடுகிற சட்டத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

வெள்ளையம்மாவின் மணிக்கட்டு

எட்டு மாசம் கழித்து, பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வெள்ளையம்மா என்ற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். மழையில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருந்தாள். புருஷன் முத்துக்கருப்பன் கூட வந்திருந்தான்.

"வீக்கம் வத்திருச்சுங்க. ஆனா கொழுந்தக் கிள்ள முடியல. கட்டைவிரல மடக்குனா உசிரு போகுது," என்றாள்.

எட்டு செகண்ட் கொடுத்து ஒரு பிளேட் எடுத்தோம். மங்கல். டொக்டர் முகம் சுளித்தார். அன்றைக்கே இருபது செகண்ட் கொடுத்து இன்னொன்று. அதுவும் மங்கல். கையை அசைத்துவிட்டாள் என்று நான் சொன்னேன்.

"நான் அசைக்கலீங்க நானா," என்றாள் அவள். கடைவீதி முஸ்லிம்களைத் தோட்டத்து ஆட்கள் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான்கு நாள் கழித்து வரச் சொல்லி, நாற்பது செகண்ட் கொடுத்து மூன்றாவது எடுத்தோம். நேரத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டது நான்தான். பிளேட் கறுத்தது, தெளிவு வரவில்லை. மணிக்கட்டில் கூழாங்கற்களை அடுக்கியது போல எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. அந்த இடம் மட்டும் பஞ்சு போலத் தெரிந்தது. முறிவு ஒன்றும் காணவில்லை என்று டொக்டர் எழுதினார். வேறு என்ன எழுதுவார்?

அடுத்த மாசத் தொடக்கத்தில் முத்துக்கருப்பன் தனியாக வந்தான். அவள் மணிக்கட்டின் மேல் தோல் சிவந்து, கொப்புளம் கிளம்பி, உரிய ஆரம்பித்திருக்கிறது என்றான். கையோடு ஒரு கடிதமும் கொண்டு வந்தான். தோட்டத்துத் துரை டொக்டருக்கு எழுதியது. டொக்டர் அதைப் படித்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னார்.

"மூண்டு படத்திலையும் முறிவு இல்லை. அதாலை இவள் நடிக்கிறாளாம். அடுத்த கிழமை திங்கட்கிழமை துரை பதுளைக்கு வாறாராம். அதுக்குள்ளை நாங்கள் வேறை ஏதும் சொல்லாட்டி, ரெண்டு பேரின்ரை பேரையும் செக்ரோல் புத்தகத்திலை வெட்டி, லயத்து வீட்டை விட்டு அனுப்பப் போறாராம்."

முத்துக்கருப்பன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "இன்னொரு படம் புடிச்சா தெரிஞ்சிருமுங்களா?"

டொக்டர்தான் பதில் சொன்னார். "வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வா. பாப்பம்."

அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார். "ஒரே ஒரு தரம்தான் காணும். அதுவும் ஆறு செகண்டுக்கு மேலை நான் விடமாட்டன். இன்னும் கூடக் குடுத்தா அந்தத் தோல் ஆறாது, என்ரை விரலைப் போலதான். நாற்பது செகண்டிலை வராதது ஆறிலை எப்பிடி வரும்? அதை நீர்தான் யோசியும்."



சல்லடை

மூன்று பிளேட்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தேன். இரண்டாம் நாள்தான் ஒன்று கண்ணில் பட்டது. மூன்றிலும் விரல் நுனிகள் கூர்மையாக இருந்தன. முழங்கைப் பக்கத்து ஓரமும் கூர்மை. நடுவில் மட்டும்தான் மங்கல். அவள் கையை அசைத்திருந்தால் எல்லாமே அல்லவா மங்கியிருக்கும்?

அசைக்கலீங்க நானா என்று அவள் சொன்னது காதில் கேட்டது.

ஸ்டூடியோவில் இந்த மாதிரி மங்கலை நான் பார்த்திருக்கிறேன். அச்சுப் போடுகிற சட்டத்தில் ஸ்பிரிங் தளர்ந்து போனால், நெகட்டிவும் காகிதமும் நடுவில் ஒட்டாது. அந்த இடைவெளியில் வெளிச்சம் பரவி, மாப்பிள்ளையின் மூக்கு மட்டும் கரைந்து வரும். இங்கே ஸ்கிரீனும் பிளேட்டும் அதே போல நடுவில் ஒட்டாமல் இருந்தால்?

அதை எப்படி நிச்சயப்படுத்துவது? சட்டத்தை மூடிய பிறகு உள்ளே பார்க்க முடியாது. யாருடைய கையையும் வைக்கவும் கூடாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நுணுக்கமான கோடுகள் உள்ள ஒரு பொருள் வேண்டும். கடைவீதியில் என் மச்சான் இரும்புக்கடை வைத்திருந்தார். ஸ்டோர் என்று சொல்கிற தேயிலைத் தொழிற்சாலைகளுக்குச் சல்லடைக் கம்பிவலை விற்பவர். அவரிடம் போய் ஒரு முழம் பித்தளை வலை கேட்டேன்.

"என்ன மச்சான், ஆஸ்பத்திரியிலயும் தேயில சலிக்கிறீங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வலையைச் சட்டத்தின் மேல் பரப்பி, டியூபை மூன்று செகண்ட் போட்டு, பிளேட்டைக் கழுவினேன். ஓரமெல்லாம் ஒவ்வொரு கண்ணும் ஊசியால் குத்தியது போலத் தெரிந்தது. நடுவில், ஓர் உள்ளங்கை அளவுக்கு, வலையே இல்லை. வெறும் மூட்டம்.

சட்டத்தைக் கழற்றினேன். பதுளை மழையில் மூடிப் பலகை வளைந்திருந்தது. மேலே வைத்திருந்த பட்டைக் கம்பி ஓரங்களை மட்டும்தான் அழுத்தியது.

காரணம் கிடைத்ததும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. நோயாளியின் வலி உள்ள இடத்தை நாங்கள் எப்போதும் சட்டத்தின் நடுவில்தான் வைப்போம். பலகை எந்த மாசம் வளைந்தது என்று யாருக்குத் தெரியும்? அத்தனை பேருடைய முறிவையும் நான் நடுவில் வைத்து அழித்திருக்கிறேன்.

டொக்டரிடம் போய் வலைப் பிளேட்டைக் காட்டிச் சொன்னேன். அதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பெட்டைக்கு நாற்பது செகண்ட் குடுத்தது வீணா?"

"வீண் சேர். நாலு நிமிஷம் குடுத்திருந்தாலும் வந்திருக்காது."

"முதல் சட்டத்தைச் சரிப்பண்ணும். மற்றதைப் பிறகு கதைப்பம்."

தச்சரிடம் புது மூடி செய்தேன். உள்ளே, தோட்டத்தில் மழைக்குப் போர்த்துகிற கம்பளியில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினேன். மூடியை அழுத்தினால் கம்பளி எல்லா இடத்தையும் சமமாக அமுக்கும். மறுபடி வலையை வைத்து எடுத்தேன். இந்த முறை மூலைக்கு மூலை ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக நின்றது.

இன்னும் ஒரு குறை. படம் முழுக்க ஒரு சாம்பல் படலம். டியூபிலிருந்து நாலாபக்கமும் சிதறுகிற கதிர் செய்யும் வேலை அது. மணிக்கட்டுக்கு மட்டும் கதிர் போகிற மாதிரி ஒரு துளை வேண்டும். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளைப் பல மடிப்பாக மடித்து, நடுவில் ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிதாக ஓட்டை வெட்டி, டியூபுக்கு முன்னால் தொங்கவிட்டேன். தோலிலேயே தங்கிச் சுடுகிற மெல்லிய கதிரைத் தடுக்க அதன் மேல் ஓர் அலுமினியத் தகடு வைக்கச் சொன்னவர் டொக்டர்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வழக்கம் போல இடது கையை டியூபுக்கு முன் நீட்டப் போனார். நான் குறுக்கே நின்று ஒரு பொட்டலத்தை நீட்டினேன்.

"என்ன காணும் இது?"

"ஆட்டுக்கால் சேர். இறைச்சிக் கடையில வாங்கினேன். இதுலயும் எலும்புதானே."

என்னை முறைத்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

ஆறு செகண்ட்

பண்டாரவளை வரை நடந்து, அங்கிருந்து சாமான் வண்டியில் ஏறி வந்திருந்தார்கள். வெள்ளையம்மா சேலைத் தலைப்பால் கையை மூடியிருந்தாள். விலக்கியபோது அந்தத் தோலை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"இந்த வாட்டியும் சுடுமாங்க?"

"சுடாது. ஆறு செகண்ட்தான். இரிங்க," என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. "முந்தி எடுத்தது மூணும் கெட்டுப் போனது என் சட்டத்தாலதான். நீங்க கைய அசைக்கல. பிழை எங்கிட்ட."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப் போகுது? தொரகிட்ட சொல்லுங்க."

கையைச் சட்டத்தில் வைத்து, சுண்டுவிரல் பக்கமாகச் சற்றுத் திருப்பி, இரண்டு பக்கமும் மணல் பை வைத்தேன். டொக்டர் காட்டிக் கொடுத்த திருப்பம் அது. கட்டைவிரலுக்குக் கீழே உள்ள படகு மாதிரியான எலும்பு அப்போதுதான் முழுசாக விரிந்து தெரியும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். காயில் சீறியது. ஒன்று, இரண்டு என்று டொக்டர் எண்ணினார். ஆறில் நிறுத்திவிட்டார்.

டார்க்ரூமில் சிவப்பு விளக்கின் கீழ் பிளேட்டை டெவலப்பரில் இறக்கினேன். ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. இரண்டாவது நிமிஷம் மணிக்கட்டின் உருவம் வந்தது, வெளிறலாக. இன்னும் கொஞ்சம் ஊறட்டும், கறுப்பு ஏறட்டும் என்று கை துடித்தது. ஊறவிட்டால் மூட்டமும் சேர்ந்து ஏறும் என்பது தெரியும். கணக்குப்படி நேரம் முடிந்ததும் எடுத்து ஃபிக்சரில் போட்டேன். நெற்றி வியர்வை சொட்டிவிடுமோ என்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

வெளிச்சத்தில் பார்த்தபோது எட்டு எலும்பும் தனித்தனியாகத் தெரிந்தன. படகு எலும்பின் இடுப்பில், குறுக்கே, மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு.

டொக்டர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். "முறிவு," என்றார். பிறகு கண்ணாடியை இறக்கி, "அல்லது உம்மடை ஸ்கிரீனிலை ஏதும் கீறலா?" என்று கேட்டார்.

இன்னொரு தரம் அவள் கையை வைக்க முடியாது. ஓடிப்போய் அதே ஸ்கிரீனில், அதே சட்டத்தில், வலையை வைத்து எடுத்தேன். இரண்டு பிளேட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்தோம். கோடு இருந்த இடத்தில் வலை பழுதில்லாமல் ஓடியது.

"அப்ப எலும்பிலைதான்," என்றார் டொக்டர். அன்றைக்கே மாவுக்கட்டுப் போட்டார்.

துரை

திங்கட்கிழமை துரை வந்தார். டொக்டரோடு ஆங்கிலத்தில் பேசினார். குரல் ஏறிக்கொண்டே போனது. நாலாவது பிளேட்டை உயர்த்திப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, தோட்டத்தில் பேசுகிற தமிழில் கேட்டார்.

"நீ பஜார்ல போட்டோக்காரன்தானே? என் தோட்டத்து கிளாக்கர் கல்யாணப் படத்துல தழும்பு எல்லாம் நீ மறைச்சு குடுத்த. எனக்கு தெரியும். மூணு படத்துல இல்லாத கோடு நாலுல எப்படி வந்தது? பென்சில்ல போட்டியா?"

டொக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மூணும் கெட்டது என்னாலதான் தொர. சட்டம் வளைஞ்சிருந்திச்சு, நான் பாக்கல." இரண்டு வலைப் பிளேட்டுகளையும் அவர் முன்னால் வைத்தேன். "இது பழைய மூடியில எடுத்தது. இது புது மூடியில. தோட்டத்துல தேயில சலிக்கிற அதே வலைதான். நடுவுல பாருங்க."

பார்த்தார். சல்லடை அவருக்குத் தெரியாத சாமான் இல்லை. முகம் மாறவில்லை.

அலமாரியிலிருந்து டர்பன்டைன் போத்தலையும் பஞ்சையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "பென்சில் கோடு டர்பன்டைனுக்கு நிக்காது. நாங்க கடையில அப்படித்தான் அழிப்போம். தொரையே தேச்சுப் பாருங்க."

தேய்த்தார். ஒரு தரம், இரண்டு தரம், அழுத்தி மூன்றாம் தரம். எனக்கு ஒரு பயம்: ஈரம் முழுசாகக் காயாமல் இருந்தால் படலமே உரிந்துவிடும். உரியவில்லை. கோடும் போகவில்லை.

பஞ்சை மேசையில் எறிந்தார். "எத்தனை மாசம் கட்டு?" என்று டொக்டரைக் கேட்டார்.

"மூண்டு மாசம்."

"பேர் வெட்ட மாட்டேன்," என்றார் என்னிடம், அது ஏதோ நான் கேட்ட வரம் போல. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளையம்மாவின் எலும்பு கூடியது, ஆனால் கை பழைய மாதிரி வரவில்லை. கொழுந்து கிள்ள முடியாமல், பிற்பாடு ஸ்டோரில் தேயிலைத்தூளில் குச்சி பொறுக்குகிற வேலையில் இருந்தாள். முதல் தடவை வந்தபோதே கட்டுப் போட்டிருந்தால் முழுசாக வந்திருக்கும் என்று டொக்டர் என்னிடம் ஒரே தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு சொல்லத் தேவையிருக்கவில்லை.

பழைய பிளேட்டுகள்

நான் சேர்ந்த நாள் முதல் எடுத்த பிளேட்டுகள் அலமாரியில் இருந்தன. வெள்ளையம்மாவுடையதை விட்டு, நடுவில் மங்கியவற்றைப் பிரித்து எடுத்தேன். பதினொன்று. பதினொன்றிலும் முறிவு இல்லை என்று எழுதப்பட்டிருந்தது.

ஆஸ்பத்திரியை நடத்தியவர்கள் பேசாமல் விட்டுவிடச் சொன்னார்கள். டொக்டர் கேட்கவில்லை. பதினொரு பேருக்கும் ஆளனுப்பினார். ஆறு பேர் வந்தார்கள், நான்கு பேருக்கு ஒன்றுமில்லை, இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டார். நான்கு பேர் இந்தியாவுக்கு, சொந்த ஊருக்கே போய்விட்டதாகச் செய்தி வந்தது. மிச்சம் ஒருவர், கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிற ராமையா. அவர் வரவும் இல்லை, பதிலும் இல்லை. நானே போனேன்.

லயத்து வாசலில் கட்டையில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய் எனக்கு ஒரு பலகை கொண்டு வந்து போட்டார். இடது கால் வெளிப்பக்கமாகத் திரும்பி நடந்தது. அது போதும், பிளேட் வேண்டியதில்லை. கணுக்கால் முறிந்து கோணலாகவே கூடியிருந்தது.

உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம், பலகை, மங்கல், என் கவனக்குறைவு. கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப அன்னைக்கு என் காலு ஒடஞ்சுதான் இருந்திச்சுங்களா?"

"ஆமா."

"படத்துலயே இல்லன்னு சொல்லிட்டாங்க. கங்காணி, பொண்டாட்டி, புள்ள எல்லாரும் வேலைக்குப் போகாம நடிக்கிறேன்னாங்க." காலைத் தடவினார். "படமே சொல்லுதே, நம்மதான் நடிக்கிறமோன்னு எனக்கே தோணிப் போச்சுங்க."

பிள்ளைகளே, படம் மங்கினால் நோயாளி அசைந்தான் என்று எழுதுவதற்கு முன்னால், இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்துப் பார்ப்போம் என்று கையை நீட்டுவதற்கு முன்னால், உங்கள் சட்டத்தைத் திறந்து பாருங்கள். வலிக்கிறது என்று சொல்பவர் உங்கள் படத்தைத் தன் உடம்பைவிட அதிகமாக நம்பிவிடுவார்.